விம், ஈமேக்ஸ், விஎஸ் கோட்: எதில் கை பழகுவது?

நிரல் எழுதுவதே தொழிலாக இருப்பவர்கூடப் புதிதாக வரிகளை அடிக்கும் நேரம் கொஞ்சம்தான். ஏற்கெனவே இருக்கும் நிரலைத் தேடுவது, படிப்பது, ஒரு ஃபைலிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது, நான்கு வரியை மாற்றி மறுபடி ஓட்டிப் பார்ப்பது என்றே நாள் போகிறது. அதனால் விம், ஈமேக்ஸ், விஎஸ் கோட் போன்ற நிரல் எடிட்டரைத் தேர்ந்தெடுக்கும்போது டைப்பிங் வேகத்தைப் பார்ப்பதில் பயனில்லை. மாற்ற வேண்டிய இடத்துக்கு எத்தனை கீயில் போகிறோம், போன இடத்திலிருந்து எப்படித் திரும்பி வருகிறோம், ஒரே மாற்றத்தை இருபது இடத்தில் தப்பில்லாமல் எப்படிச் செய்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

பத்து வருடங்களுக்கு முன்பு இந்தத் தேர்வில் இன்னொரு பெரிய கேள்வியும் இருந்தது: எந்த எடிட்டருக்கு நம் மொழி புரியும்? 2016 ஜூனில் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹாட், கோடென்வி மூன்றும் சேர்ந்து லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகாலை வெளியிட்ட பிறகு அந்தக் கேள்வியின் கனம் குறைந்துவிட்டது. சுருக்கமாக எல்எஸ்பி. ரஸ்ட்டுக்கு ரஸ்ட்-அனலைசர், கோ மொழிக்கு கோபிஎல்எஸ், சி மொழிக்குக் கிளாங்டி என்று ஒவ்வொரு மொழிக்கும் தனியாக ஒரு சர்வர் புரோகிராம் ஓடும்; எடிட்டர் அதோடு பேசும், அவ்வளவுதான். விம்மின் புதுக் கிளையான நியோவிம்மின் 2021-இல் வந்த 0.5 பதிப்பிலும் 2023-இல் வந்த ஈமேக்ஸ் 29-இலும் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. டெஃபினிஷனுக்குத் தாவுவது, பெயர் மாற்றுவது, பிழைக்கு அடியில் கோடு போடுவது எல்லாம் மூன்றிலும் ஒரே மூளையிலிருந்துதான் வருகின்றன. பைத்தானில் மட்டும் ஒரு சின்ன வித்தியாசம் உண்டு. விஎஸ் கோடின் பைத்தான் சர்வரான பைலான்ஸ், மைக்ரோசாஃப்டின் சொந்த வெளியீட்டுக்கு மட்டும் உரிமம் பெற்றது. விஎஸ் கோடின் திறந்த மூல வடிவமான விஎஸ்கோடியம், நியோவிம், ஈமேக்ஸ் பயன்படுத்துவோருக்கு பைலான்ஸின் திறந்த மூல அடித்தளமான பைரைட் கிடைக்கும்.

ஆக மிச்சம் மூன்று கேள்விகள். உங்கள் ஃபைல்கள் எந்த இயந்திரத்தில் இருக்கின்றன? மாற்றத்தை எடிட்டரிடம் எப்படிச் சொல்லப் பிடிக்கும்? செட்டிங் உடைந்தால் சரிசெய்ய உங்களுக்கு நேரம் இருக்கிறதா?

கீழே வரும் கட்டளைகளில் எழுத்துகளை உச்சரிப்பின்படி கொடுத்திருக்கிறது. டி, டபிள்யூ என்றால் அந்த இரண்டு கீகளும் அடுத்தடுத்து. கண்ட்ரோல்+பி என்றால் சேர்த்து. கட்டளைகளில் டி என்பது D; பி என்பது P, விம் எக்ஸ்டென்ஷனின் ‘ஜி, பி’யில் மட்டும் B. விஎஸ் கோட் ஷார்ட்கட்கள் விண்டோஸ், லினக்ஸுக்கானவை.

ஃபைல் எங்கே இருக்கிறது?

முதலில் இதைக் கேளுங்கள், ஏனென்றால் பாதிப் பேருக்கு இங்கேயே முடிவு கிடைத்துவிடும்.

நிரல் உங்கள் லேப்டாப்பிலேயே இருந்தால் மூன்றும் சமம். நல்ல ராம் உள்ள டெவலப்மென்ட் சர்வர் ஒன்றில் இருந்தால் விஎஸ் கோடின் ரிமோட்-எஸ்எஸ்எச் எக்ஸ்டென்ஷனுக்கு இணை இல்லை. 2019-இல் வந்தது. இது சர்வரில் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் ‘.விஎஸ்கோட்-சர்வர்’ என்று ஒரு ஃபோல்டர் போட்டுத் தன் பாதி உடலை அங்கே நிறுத்திக்கொள்ளும். திரை உங்கள் லேப்டாப்பில் ஓடுவதால் இணைப்பு மெதுவாக இருந்தாலும் எழுத்து தாமதமில்லாமல் விழும். லாங்குவேஜ் சர்வரும் டெர்மினலும் டீபக்கரும் அங்கே ஓடும்.

அதற்கான விலையும் உண்டு. எதிர்முனையில் குறைந்தது 1 ஜிபி ராம் வேண்டும். 2 ஜிபியும் இரண்டு கோரும் இருந்தால் நல்லது என்று அதன் ஆவணமே சொல்கிறது. 1 ஜிபி விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) ஒன்றில் ரஸ்ட்-அனலைசரையும் சேர்த்து ஓட்டினால் ராம் தீர்ந்து, கெர்னல் ஏதாவது ஒரு புராசஸைக் கொல்லும். அது உங்கள் டேட்டாபேஸாகவும் இருக்கலாம். 2025-இல் வந்த 1.99 வெளியீட்டிலிருந்து எதிர்முனையில் லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சி 2.28 தேவை. சென்ட்ஓஎஸ் 7-இல் இருப்பது 2.17, உபுண்டு 18.04-இல் 2.27. இரண்டுமே தேறாது. எஸ்எஸ்எச் சர்வரின் செட்டிங்கில் டிசிபி ஃபார்வர்டிங்கை மூடி வைத்திருந்தாலும் இணைப்பு நடக்காது. பாஸ்வேர்டு சரியாக இருந்தும் பாதியில் நிற்கிறதே என்று திணறுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. எல்லாம் சரியாக இருந்தும் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு தொங்கினால், கண்ட்ரோல்+ஷிஃப்ட்+பி அழுத்தி, ஹோஸ்டில் ஓடும் விஎஸ் கோட் சர்வரைக் கொல்லும் கட்டளையைக் கொடுத்துவிட்டு மறுபடி இணையுங்கள்.

புரொடக்‌ஷன் சர்வரில் (பயனர்கள் பயன்படுத்தும் நிஜச் சர்வர்) இதைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு கான்ஃபிக் வரியை மாற்றுவதற்காக அங்கே நோட்.ஜேஎஸ் புராசஸ்களையும் எக்ஸ்டென்ஷன்களையும் ஓடவிடுவது சரியல்ல. அங்கே விம் போதும்.

விம்மின் பெரிய பலமே போன இடமெல்லாம் ஏதோ ஒரு வடிவில் இருப்பதுதான். பில் ஜாய் 1976-இல் பெர்க்லியில் எழுதிய விஐ-யின் வழித்தோன்றல். பிராம் மோலெனார் 1991-இல் வெளியிட்டார். ஆனால் டெபியன், உபுண்டுவின் அடிப்படை நிறுவலில் ‘விஐ’ என்று அடித்தால் வருவது விம்-டைனி. வண்ணம் இருக்காது. இன்செர்ட் மோடில் (எழுத்து அடிக்கும் நிலை) ஆரோ கீயை அழுத்தினால் கர்சர் நகராமல் ஏ, பி, சி, டி என்று எழுத்து விழும். விம் கெட்டுப்போகவில்லை, பழைய விஐ போலவே நடந்துகொள்ளும் கம்பேட்டிபிள் மோடில் இருக்கிறது. ‘:செட் நோகம்பேட்டிபிள்’ கொடுத்தால் அடங்கும்.

சர்வரில் விம் பயன்படுத்துகிறவர், சேமிக்காத மாற்றங்களை விம் எழுதி வைக்கும் ஸ்வாப் ஃபைலைப் புரிந்துகொள்ளாவிட்டால் ஒரு நாள் வேலையை இழப்பார். இணைப்பு அறுந்து மறுபடி அதே ஃபைலைத் திறந்தால் இ325 என்ற எச்சரிக்கை வரும். பதற்றத்தில் ‘எப்படியும் திறக்கிறேன்’ என்று இ-யை அழுத்துகிறவர்கள்தான் அதிகம். முதலில் அந்தச் செய்தியில் புராசஸ் எண்ணுக்குப் பக்கத்தில் ‘இன்னும் ஓடுகிறது’ என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வேறு யாரோ, அல்லது உங்களுடைய பழைய செஷனே, அதைத் திறந்து வைத்திருக்கிறது. க்யூ அழுத்தி வெளியே வந்து அதைத் தேடுங்கள். ஓடவில்லை என்றால் ஆர் அழுத்தி மீட்டெடுங்கள். மீட்டதை அப்படியே மேலே சேமிக்காமல் வேறு பெயரில் எழுதி, மூல ஃபைலோடு டிஃப் (வேறுபாடு காட்டும் ஒப்பீடு) போட்டுப் பார்த்து, சரி என்று தெரிந்த பிறகு ஸ்வாப் ஃபைலைக் கையால் அழியுங்கள். அழிக்காதவரை ஒவ்வொரு முறையும் அதே எச்சரிக்கை வரும். வந்து வந்து பழகி, ஒரு நாள் உண்மையான எச்சரிக்கையையும் படிக்காமல் தாண்டிவிடுவீர்கள். எஸ்எஸ்எச்சில் நுழைந்ததும், இணைப்பு அறுந்தாலும் செஷனைக் காக்கும் டிமக்ஸைத் திறந்து அதற்குள் விம் ஓட்டினால் இந்தப் பிரச்சினையே பெரும்பாலும் வராது.

டிமக்ஸுக்குள் எஸ்கேப் அழுத்தினால் அரை செகண்ட் தாமதமாகிறதா? பழைய டிமக்ஸில் எஸ்கேப்-டைம் இயல்பாகவே 500 மில்லிசெகண்ட். அதை 10 ஆக்குங்கள். பழக்கத்தில் கண்ட்ரோல்+எஸ் அழுத்தித் திரை உறைந்துவிட்டால் கண்ட்ரோல்+க்யூ. டெர்மினலின் பழைய நிறுத்து-தொடர் சிக்னல்கள் அவை, விம்முக்குச் சம்பந்தமில்லை. சர்வரில் ஒய் அடித்துக் காப்பி செய்தது லேப்டாப் கிளிப்போர்டுக்கு வராது என்பதும் எல்லோரும் முட்டிக்கொள்ளும் சுவர். ஓஎஸ்சி 52 என்ற டெர்மினல் குறியீடு அதைக் கடத்தும். நியோவிம் 0.10 முதல் உள்ளேயே இருக்கிறது. டிமக்ஸில் செட்-கிளிப்போர்டு ஆன் செய்ய வேண்டும், உங்கள் டெர்மினலும் அதை ஏற்க வேண்டும்.

ஈமேக்ஸ் மூன்றாவது வழியில் போகிறது. அதன் டிராம்ப் வசதியில் எடிட்டர் உங்கள் இயந்திரத்தில். கண்ட்ரோல்+எக்ஸ், கண்ட்ரோல்+எஃப் அழுத்தி ‘/எஸ்எஸ்எச்:பெயர்@சர்வர்:/பாதை’ கொடுத்தால் தூரத்து ஃபைல் உள்ளூர் ஃபைல் போலத் திறக்கும். சர்வரில் எதையும் நிறுவ வேண்டாம், ஒரு சாதாரண ஷெல் போதும். ஒரு ஃபைலைத் திருத்த அருமை. முழு புராஜெக்டையும் இதன் வழியாக நடத்தினால் ஒவ்வொரு சேமிப்புக்கும் கிட் நிலையைக் கேட்டுக்கேட்டு இழுக்கும். எஸ்எஸ்எச் செட்டிங்கில், ஒரே இணைப்பை மறுபடி பயன்படுத்தும் கண்ட்ரோல்மாஸ்டரைப் போட்டால் கொஞ்சம் தணியும். இணையும்போதே தொங்கிவிட்டால், பெரும்பாலும் சர்வரில் இருக்கும் அலங்காரமான இசட்ஷெல் பிராம்ப்ட்தான் காரணம். டிராம்ப் பிராம்ப்டின் முடிவைத் தேடிக்கொண்டே காத்திருக்கும். சர்வரின் இசட்ஷெல் செட்டிங் ஃபைலின் முதல் வரிகளில், டெர்ம் மாறியின் மதிப்பு ‘டம்’ (dumb) என்றிருந்தால் பிராம்ப்டை வெறும் டாலர் குறியாக்கிவிட்டு அங்கேயே திரும்பும்படி எழுதுங்கள்.

மாற்றத்தை எப்படிச் சொல்வது?

ஒரே வேலையை மூன்றிலும் செய்து பார்ப்போம். ஒரு பைத்தான் ஃபைலில் பன்னிரண்டு இடத்தில் ‘பிரிண்ட்’ இருக்கிறது. அவற்றில் பத்தை ‘லாகர்.இன்ஃபோ’ ஆக்க வேண்டும். இரண்டு அப்படியே இருக்கட்டும். அதே ஃபைலில் ‘பிபிரிண்ட்’ என்ற வேறு ஃபங்ஷனும், ‘ஃபிங்கர்பிரிண்ட்’ என்ற மாறியும் இருக்கின்றன. பிரிண்ட் நம்முடைய ஃபங்ஷன் இல்லை என்பதால் எல்எஸ்பியின் பெயர்மாற்றம் இங்கே உதவாது.

விஎஸ் கோடில்: எதையும் செலக்ட் செய்யாமல் கர்சரை ‘பிரிண்ட்’ மேல் வைத்து கண்ட்ரோல்+டி. முதல் அழுத்தல் சொல்லை எடுக்கும். அடுத்தடுத்த அழுத்தல்கள் அடுத்தடுத்த இடங்களைச் சேர்க்கும். வேண்டாத இடம் வந்தால் கண்ட்ரோல்+கே, கண்ட்ரோல்+டி அழுத்தித் தாண்டலாம். தவறிச் சேர்த்துவிட்டால் கண்ட்ரோல்+யூ கடைசிக் கர்சரை மட்டும் திரும்ப எடுக்கும். பிறகு ‘லாகர்.இன்ஃபோ’ என்று ஒரு முறை அடித்தால் பத்து இடத்திலும் விழும். இதில் பலர் விழும் குழி ஒன்று. மவுஸால் ‘பிரிண்ட்’ என்பதை நீங்களே செலக்ட் செய்துவிட்டு கண்ட்ரோல்+டி அழுத்தினால், முழுச்சொல் விதி போய்விடும். ஃபைண்ட் பெட்டியில் கடைசியாக என்ன செட்டிங் இருந்ததோ அதுதான் செல்லும். ‘ஃபிங்கர்பிரிண்ட்’டின் வாலும் சேர்ந்து மாறும். கர்சரை வைத்தால் முழுச்சொல், செலக்ட் செய்தால் துண்டு என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விம்மில்: கர்சரை அதன்மேல் வைத்து நட்சத்திரக் கீ. அது முழுச்சொல்லாகவே தேடும். சி, ஜி, என் அடித்து ‘லாகர்.இன்ஃபோ’ எழுதி எஸ்கேப். இனி புள்ளிக் கீயை அழுத்தும் ஒவ்வொரு முறையும் அடுத்த இடம் மாறும். வேண்டாத இடத்தை என் அழுத்தித் தாண்டலாம். மொத்தத்தில் ஒரு இடத்துக்கு ஒரு கீ. புள்ளி என்பது ‘கடைசியாகச் செய்த மாற்றத்தைத் திரும்பச் செய்’. விம் படிப்பவர்கள் நூறு ஷார்ட்கட் மனப்பாடம் செய்வதற்குப் பதில், தங்கள் மாற்றத்தைப் புள்ளியால் திரும்பச் செய்யும்படி அமைக்கப் பழகினால் போதும். இன்செர்ட் மோடுக்குப் போய் ஆரோ கீயால் நடந்து நடந்து திருத்தினால் புள்ளிக்குப் பிடிபடாது. ‘சி, ஐ, டபிள்யூ’ என்றால் இந்தச் சொல்லை மாற்று. ‘சி, ஐ, இரட்டை மேற்கோள்’ என்றால் மேற்கோளுக்குள் இருப்பதை மாற்று. ‘டி, ஏ, அடைப்புக்குறி’ என்றால் அடைப்பையும் சேர்த்து அழி. வினை, எல்லை, பொருள் என்று ஒரு சின்ன இலக்கணம். மூன்று வினையும் பத்துப் பொருளும் தெரிந்தால் முப்பது கட்டளை தெரிந்தாயிற்று.

ஈமேக்ஸில்: மெட்டா (ஆல்ட் கீ)+% அழுத்திப் பழையது, புதியது கொடுத்தால் ஒவ்வொரு இடத்திலும் நின்று கேட்கும். ஒய், என், மிச்சம் எல்லாவற்றுக்கும் ஆச்சரியக்குறி. வெறுமனே அழுத்தினால் ‘பிபிரிண்ட்’டிலும் நிற்கும், முன்னால் கண்ட்ரோல்+யூ சேர்த்தால் முழுச்சொல் மட்டும். ஆனால் இதிலும் ஒரு நுணுக்கம். பைத்தான் போன்ற மோடுகளில் ஈமேக்ஸ் அடிக்கோட்டைச் சொல்லின் பகுதியாக எண்ணுவதில்லை. ‘டைம்அவுட்’ என்ற செட்டிங் பெயரை ‘ரீட்_டைம்அவுட்’ ஆக்கிவிட்டு அதே கட்டளையை இரண்டாம் முறை ஓட்டினால் ‘ரீட்_ரீட்_டைம்அவுட்’ ஆகிவிடும். விம்மிலும் விஎஸ் கோடிலும் அடிக்கோடு சொல்லோடு சேர்ந்தது. அங்கே இது நடக்காது. ஈமேக்ஸில் ரெகெக்ஸ் மாற்றத்தைப் பயன்படுத்தி சொல்லெல்லைக்குப் பதில் சிம்பல் எல்லைக் குறியைக் கொடுக்க வேண்டும்.

ஃபைல்கள் பல என்றால் பந்தயம் மாறும். அந்த ‘டைம்அவுட்’ பெயர் யாமல் ஃபைலில், பைத்தானில், மார்க்டவுன் ஆவணத்தில் என்று சிதறிக் கிடக்கிறது என்று வையுங்கள். எந்த எடிட்டராக இருந்தாலும் முதலில் கிட்டில் எல்லாவற்றையும் கமிட் செய்துவிடுங்கள். பிறகு வரும் டிஃப்பில் இந்த ஒரு மாற்றம் மட்டும் தெரிய வேண்டும். விஎஸ் கோடில் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+எச், ஆல்ட்+டபிள்யூ முழுச்சொல்லுக்கு, ஆல்ட்+சி பெரிய-சின்ன எழுத்துக்கு. ஒவ்வொரு முடிவையும் சொடுக்கினால் பழையதும் புதியதும் பக்கம்பக்கமாக டிஃப்பாகத் தெரியும். வேண்டாததைப் பெருக்கல் குறியால் நீக்கலாம். இந்த வேலைக்கு இதைவிடத் தெளிவான திரை மற்ற இரண்டிலும் இல்லை.

விம்மில் சொல்மேல் நட்சத்திரம் அழுத்திவிட்டு ‘:கிரெப் -டபிள்யூ டைம்அவுட்’. வேகத் தேடல் கருவியான ரிப்கிரெப் நிறுவியிருந்தால் புது நியோவிம் தானாகவே அதை எடுத்துக்கொள்ளும். விம்மில் ‘கிரெப்பிஆர்ஜி’ செட்டிங்கில் சொல்ல வேண்டும். முடிவுகள் குவிக்ஃபிக்ஸ் பட்டியலில் வரும். அடுத்து ‘:சிஎஃப்டூ %எஸ்//ரீட்_டைம்அவுட்/ஜிசிஇ | அப்டேட்’. தேடும் இடத்தைக் காலியாக விட்டால் கடைசித் தேடல், அதாவது நட்சத்திரம் போட்ட முழுச்சொல், பொருந்தும். ‘சிடூ’ வேண்டாம், ‘சிஎஃப்டூ’ போடுங்கள்: முன்னது பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் ஓடும், பின்னது ஃபைலுக்கு ஒரு முறை. ஒரே ஃபைலில் ஏழு முடிவு இருந்தால் சிடூ முழு ஃபைலையும் ஏழு தடவை மாற்றப் பார்க்கும். கடைசி அப்டேட்டை மறந்தால் விம் (நியோவிம் அல்ல), சேமிக்காத ஃபைலை விட்டு நகர மாட்டேன் என்று இ37 சொல்லி முதல் ஃபைலிலேயே நிற்கும். ஈமேக்ஸில் கண்ட்ரோல்+எக்ஸ், பி, ஆர் புராஜெக்ட் முழுக்கக் கேட்டுக்கேட்டு மாற்றும். டபிள்யூகிரெப் பேக்கேஜ் இருந்தால் தேடல் முடிவுப் பட்டியலையே நேரடியாகத் திருத்தி எல்லா ஃபைலுக்கும் ஒரே அடியில் எழுதலாம். இதைப் பார்த்தே ஈமேக்ஸ் பக்கம் சாய்ந்தவர்கள் உண்டு.

என் கணிப்பு: ஒரே ஃபைலுக்குள் விம்மின் இலக்கணம் வெல்கிறது, ஃபைல்கள் பல என்றால் விஎஸ் கோடின் திரை வெல்கிறது. இரண்டும் வேண்டுமா? விஎஸ் கோடுக்குள் விம் எக்ஸ்டென்ஷன் போடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இதுதான் சரியான இடம். போட்டதும் கண்ட்ரோல்+டி அரைப் பக்கம் இறங்கும், மல்டி-கர்சர் வராது. அதற்கு நார்மல் மோடில் (கட்டளை நிலை) ஜி, பி. கண்ட்ரோல்+எஃப் போன்ற பழைய கீகள் வேண்டும் என்றால் எக்ஸ்டென்ஷனின் ஹேண்டில்கீஸ் செட்டிங்கில் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுக்கலாம். மேக்கில் ஜே-யை அழுத்திப் பிடித்தால் கர்சர் ஓடாமல் நிற்கும். ஆப்பிள்பிரஸ்அண்ட்ஹோல்ட்எனேபிள்ட் என்ற அமைப்பை விஎஸ் கோடுக்கு மட்டும் டெர்மினலிலிருந்து ஃபால்ஸ் ஆக்க வேண்டும்.

ஈமேக்ஸ் யாருக்கு?

ரிச்சர்ட் ஸ்டால்மேன் 1985-இல் வெளியிட்ட குனூ ஈமேக்ஸை எடிட்டராக மட்டும் எடைபோட்டால் அது தோற்கும். கிட், ஷெல், குறிப்பு, ஆவணம் எல்லாவற்றையும் ஒரே கீ பழக்கத்தில் வைக்க விரும்புகிறவருக்கு அது ஈடில்லாதது. கிட்டுக்கான அதன் பேக்கேஜ் மேஜிட் ஒன்றே போதும்: கண்ட்ரோல்+எக்ஸ், ஜி அழுத்தி, மாறிய பகுதிமேல் நின்று எஸ் அடித்தால் அந்தத் துண்டு மட்டும் ஸ்டேஜ் ஆகும், அதற்குள் இரண்டு வரியைச் செலக்ட் செய்து எஸ் அடித்தால் அந்த இரண்டு வரி மட்டும். சி, சி, செய்தி எழுதி கண்ட்ரோல்+சி இரண்டு முறை. சிறுசிறு சுத்தமான கமிட் போடும் பழக்கம் தானாக வந்துவிடும்.

அதன் பலவீனம், பெரும்பாலான வேலை ஒரே திரெட்டில் நடப்பது. லாங்குவேஜ் சர்வர் பெரிய ஜேசன் பதில் அனுப்பும்போது கர்சர் திணறும். 2025-இல் வந்த ஈமேக்ஸ் 30-இல் ஜேசன் பகுப்பை சி மொழியில் புதிதாக எழுதியிருக்கிறார்கள். பழைய பதிப்பில் இருப்பவர்கள் மேம்படுத்துவது நல்லது. ஈமேக்ஸுக்கு மாறும் அன்றே கேப்ஸ் லாக்கைக் கண்ட்ரோலாக மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் இடது சுண்டுவிரல் வலிக்கும், அந்த வலியால் விட்டுப்போனவர்கள் நிறைய. விம்காரர்கள் அதே கீயை எஸ்கேப் ஆக்கலாம்.

உடைந்தால் யார் பார்ப்பது?

விஎஸ் கோட் மெதுவானால் காரணம் அனேகமாக ஒரு எக்ஸ்டென்ஷன். ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க வேண்டாம். கட்டளைப் பெட்டியில் எக்ஸ்டென்ஷன் பைசெக்ட் கொடுங்கள். பாதியை நிறுத்தி ‘இப்போது சரியா’ என்று கேட்டுக்கேட்டு, முப்பது எக்ஸ்டென்ஷன் இருந்தாலும் ஐந்தாறு கேள்வியில் குற்றவாளியைக் காட்டிவிடும். லினக்ஸில் பெரிய புராஜெக்டில் ஃபைல் மாற்றத்தைக் கண்காணிக்க முடியவில்லை என்று வந்தால் ஐநோட்டிஃபை வரம்பை 524288 ஆக உயர்த்துங்கள். அதற்கு முன் நோட்_மாட்யூல்ஸ் போன்ற ஃபோல்டர்களைக் கண்காணிப்பிலிருந்து விலக்குவது இன்னும் நல்லது.

நியோவிம்மில் உடைப்பு வேறு மாதிரி. லினக்ஸ் டிஸ்ட்ரோ கொடுக்கும் பதிப்பு பழசு: உபுண்டு 22.04-இல் 0.6.1, டெபியன் 12-இல் 0.7.2. இணையத்தில் கிடைக்கும் இன்றைய செட்டிங்கை அதில் ஒட்டினால் முதல் வரியிலேயே பிழை வரும். குறை செட்டிங்கில் இல்லை. அதிகாரபூர்வ டார்பாலையோ ஆப்இமேஜையோ இறக்குங்கள். ப்ளகின் பதிப்புகளைப் பூட்டும் லாக் ஃபைலையும் கிட்டில் சேர்த்துவிட்டால், ஒரு அப்டேட் உடைத்ததும் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். ‘:செக்ஹெல்த்’ அடித்தால் எது குறைகிறது என்று அதுவே சொல்லும். 0.11 முதல் எல்எஸ்பிக்குத் தனிப் ப்ளகின் இல்லாமலே நாலைந்து வரியில் அமைக்கலாம். ஜி, ஆர், என் பெயர் மாற்ற, ஜி, ஆர், ஆர் பயன்படும் இடங்களைக் காட்ட. ப்ளகின் பத்துக்குள் நிற்கட்டும். ஹீலிக்ஸ் என்ற இன்னொரு டெர்மினல் எடிட்டரில் இந்தப் பராமரிப்பே கிட்டத்தட்ட இல்லை, எல்லாம் உள்ளேயே வருகிறது. ஆனால் முதலில் செலக்ட், பிறகு வினை என்று வரிசை தலைகீழாக இருப்பதால் விம் பழகிய விரல் அங்கே தடுமாறும். ஜாவாவும் ஆண்ட்ராய்டும் முழுநேர வேலை என்றால் இந்தப் பேச்சே வேண்டாம், இன்டெலிஜே பக்கம் போங்கள். அங்கேயும் விம் கீ கிடைக்கிறது.

தமிழும் சேர்ந்து அடிப்பவர்களுக்கு

செயலிகளைத் தமிழாக்குகிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். விம்மில் தமிழ்99 விசைப்பலகை ஓடிக்கொண்டிருக்கும்போது எஸ்கேப் அழுத்தினால் நார்மல் மோடிலும் தமிழ் எழுத்துதான் போகும். எந்தக் கட்டளையும் வேலை செய்யாது. விம்மோடு வரும் தமிழ் கீமேப் பழைய டிஸ்கி குறியேற்றத்துக்கானது, யூனிகோடுக்கு ஆகாது. லினக்ஸில் மொழி உள்ளீட்டுக் கருவியான எஃப்சிஐடிஎக்ஸ்5 பயன்படுத்துகிறவர்கள், இன்செர்ட் மோடை விட்டு வெளியேறும்போதெல்லாம் ‘எஃப்சிஐடிஎக்ஸ்5-ரிமோட் -சி’ ஓடும்படி ஒரு ஆட்டோகமாண்ட் போட்டால் ஆங்கிலத்துக்குத் தானாகத் திரும்பிவிடும். விஎஸ் கோடின் விம் எக்ஸ்டென்ஷனிலும் இதே வேலைக்குச் செட்டிங் இருக்கிறது. டெர்மினல் திரையோ ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம் என்ற கணக்கில் கட்டியது. ‘கொ’, ‘ணை’ போன்றவை அதில் ஒழுங்காக உட்காராது, கர்சர் ஓரிடம் எழுத்து ஓரிடம் ஆகும். ஈமேக்ஸின் சாளரப் பதிப்பு 27 முதல் ஹார்ஃப்பஸ் நூலகத்தைக் கொண்டு எழுத்தை வடிவமைப்பதால் சரியாகத் தெரியும். உள்ளீட்டு முறையும் அதற்குள்ளேயே இருக்கிறது. கண்ட்ரோல்+\ அழுத்தித் தமிழ்-ஐட்ரான்ஸைத் தேர்ந்தால் தமிழ் அடிக்கலாம், கட்டளைக் கீகள் அப்படியே வேலை செய்யும். இந்த ஒரு விஷயத்தில் ஈமேக்ஸ் மற்ற இரண்டையும் தாண்டி நிற்கிறது.

மாறுவதாக முடிவெடுத்தால்

வெளியீட்டுக்கு முந்தைய வாரத்தில் மாறாதீர்கள். விம் கற்க நினைப்பவர் டெர்மினலில் ‘விம்டியூட்டர்’ என்று அடித்து அரை மணி நேரம் செய்துவிட்டு, தற்போதைய எடிட்டரிலேயே விம் கீயை ஆன் செய்து இரண்டு வாரம் ஓட்டுங்கள். முதல் சில நாள் வேகம் குறையும். அதில் பயப்பட ஒன்றுமில்லை, தேவையான நேரத்தில் ஆஃப் செய்ய வழி இருந்தால் போதும். தினம் ஒரே ஒரு புதுக் கீ: இன்று போன இடத்திலிருந்து திரும்பும் கண்ட்ரோல்+ஓ, நாளை முந்தைய ஃபைலுக்குத் தாவும் கண்ட்ரோல்+^. விஎஸ் கோடிலேயே இருக்கப் போகிறவரும் கண்ட்ரோல்+பி பெட்டியில் ஃபைல் பெயருக்குப் பின் கோலன் போட்டு வரி எண், @ போட்டு ஃபங்ஷன் பெயர் என்று நேராகப் போகப் பழகினால் இடதுபக்க ஃபைல் மரத்தைத் திறக்கும் தேவையே குறைந்துவிடும்.

எடிட்டர் மாறிய அன்றே கிட்டின் ‘கோர்.எடிட்டர்’ மதிப்பையும் எடிட்டர் என்ற சூழல் மாறியையும் மாற்றுங்கள். விஎஸ் கோட் என்றால் ‘கோட் --வெயிட்’ என்று முழுசாகக் கொடுக்க வேண்டும். வெயிட் இல்லாவிட்டால் சாளரம் திறந்த நொடியே கட்டளை முடிந்துவிடும். கிட் காலிச் செய்தியைப் படித்து, கமிட்டைக் கைவிட்டதாகச் சொல்லும். ஈமேக்ஸ்கிளையன்ட் என்றால் எழுதி முடித்துக் கண்ட்ரோல்+எக்ஸ், # அழுத்தும்வரை கிட் காத்திருக்கும்.